ஒரு கட்டிலில் தொடங்கிய ஆஸ்பத்திரி: ஏற்காட்டிலிருந்து வேலூர் வரை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை மாறாமல், படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

ஹெட்போன் போட்டு கேட்கிறவங்களுக்குப் பின்னாடி ஒரு சத்தம் வரும், மழைதான் அது. இந்த வாரம் ரெக்கார்டிங் பெங்களூர் ரூமில் இல்லை. ஏற்காட்டில், எங்க அம்மாயி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கேன். லேப்டாப் மடியில், மைக் ஒரு முக்காலி மேல. கரண்ட் ரெண்டு தடவை போய் வந்தாச்சு. எதிரே மிளகுக் கொடி ஏறின சில்வர் ஓக் மரங்கள், அதுக்குக் கீழே காபிச் செடி. சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் கொண்டுவந்து நட்ட காபி, இருநூறு வருஷமாக இந்த மலைக்குச் சோறு போடுது.

ஏற்காடுன்னா நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது வீக்கெண்ட் ட்ரிப். இருபது கொண்டை ஊசி வளைவு, ஏரியில் போட்டிங், லேடீஸ் சீட்டில் ஒரு செல்ஃபி, மிளகாய் பஜ்ஜி, அப்புறம் ரிட்டர்ன். எனக்கு இது அம்மா பிறந்த ஊர். அப்புச்சி ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். ரைட்டர்னா எழுத்தாளர் இல்லை, எஸ்டேட்டில் ஆள் கணக்கும் கூலிக் கணக்கும் எழுதுறவர். அம்மாயிக்கு இப்போ 78 வயசு.

இன்றைய கதை ஒரு ஆஸ்பத்திரியைப் பற்றியது. அது இந்த மலையில் இல்லை, வேலூரில் இருக்கு. ஆனால் கதையை இந்தத் திண்ணையிலிருந்துதான் தொடங்கணும்.

தூளி

அம்மாயிக்கு ஒரு அக்கா இருந்தாங்க. அந்தப் பேரை நான் வீட்டில் ரொம்ப நாள் கேட்டதே இல்லை. போன வருஷம் வேலூர் போகும்போது ரயிலில் வெச்சுத்தான் அம்மாயி முதல் தடவை சொன்னாங்க.

அம்மாயிக்கு அப்போ பத்து வயசு. அக்காவுக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்து ஒரு நாள் முழுக்க ஆகியும் குழந்தை வரலை. ஊர் மருத்துவச்சி கையை விரிச்சுட்டாங்க. அவங்க இருந்த குடியிருப்பு மெயின் ரோட்டிலிருந்து நாலைந்து மைல் உள்ளே. ரெண்டு மூங்கிலில் கம்பளியைக் கட்டித் தூளி பண்ணி, நாலு ஆளுங்க மாத்தி மாத்தித் தூக்கிட்டுப் போனாங்களாம். அம்மாயி லாந்தரைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடியே ஓடினாங்களாம். ரோட்டுக்கு வர்றதுக்குள்ள தூளியில் சத்தம் நின்னுடுச்சு.

"அப்புறம் ஆளுங்க நடையைக் குறைச்சுட்டாங்க. அதை வெச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுது"ன்னாங்க அம்மாயி. அதுக்கு மேல எதுவும் சொல்லலை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. ஜோலார்பேட்டை தாண்டி ரயில் போயிட்டிருந்தது.

நாங்க வேலூர் போனதுக்குக் காரணம் அம்மாயியோட நடை. ரெண்டு வருஷமாகக் கால் தரையில் ஒட்டின மாதிரி இழுத்து இழுத்து நடந்தாங்க. மறதி வேற. காட்டின ஒரு இடத்தில், "வயசாச்சு இல்லையா" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. நானும் நம்பிட்டேன், அதைத்தான் ஒத்துக்கணும். 78 வயசில் நடை தளர்றது சகஜம்தானேன்னு வேலையைப் பார்க்கப் போயிட்டேன். பக்கத்து எஸ்டேட்டில் ஒருத்தர், "ஒரு தடவை வேலூர் கூட்டிட்டுப் போங்க தம்பி" என்று சொன்ன பிறகுதான் கிளம்பினோம்.

காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடிச்சு, ஐடா ஸ்கடர் ரோட்டுக்கு வந்தா அது தமிழ்நாடு மாதிரியே இல்லை. லாட்ஜ் போர்டு பெங்காலியில், ஹோட்டலில் மீன் குழம்பு பெங்காலி ருசியில், மருந்துக் கடைக்காரர் இந்தியில் பேசுறார். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், பங்களாதேஷ்னு எங்கிருந்தோ கிளம்பி, ரெண்டு நாள் ரயிலில் வந்து, ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஜனங்க நிக்கிறாங்க. தொழில் புத்தி எனக்கு. அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் தோணின முதல் கேள்வி: இவ்வளவு லோடு இந்த ஊருக்கு எப்படி வந்துச்சு? வேலூர் தலைநகரம் கிடையாது, கடற்கரை கிடையாது, பெரிய தொழில் நகரமும் கிடையாது. வெயிலுக்கும் கோட்டைக்கும் பேர் போன ஊர். இங்கே ஏன்?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடினப்போதான் மூணு கதவுத் தட்டல் கதை கிடைச்சுது. உங்களில் சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சவங்களும் ஒரு தடவை கேளுங்க. ஏன்னா அதைப் படிக்கும்போது எனக்குத் தூளி ஞாபகம்தான் வந்துச்சு.

மூணு தட்டல்

ஐடா ஸ்கடர் 1870 டிசம்பரில் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்க மிஷனரிக் குடும்பம். தாத்தா ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்து, பிறகு சென்னையில் வேலை பார்த்த டாக்டர். அப்பாவும் டாக்டர். சின்ன வயசில் ஐடா பார்த்தது 1876இல் ஆரம்பிச்ச பெரும் பஞ்சம். நம்ம பக்கம் தாது வருஷப் பஞ்சம்னு சொல்லுவாங்களே, அதேதான். அதைப் பார்த்த அந்தப் பொண்ணுக்கு ஒரே முடிவு: படிச்சு முடிச்சு, கல்யாணம் பண்ணிக்கிட்டு அமெரிக்காவிலேயே செட்டில் ஆகணும். இந்தியாவுக்கு வரவே கூடாது.

1890இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு திண்டிவனம் வந்தாங்க. கொஞ்ச நாள் உதவிட்டுத் திரும்புறதுதான் பிளான். ஒரு ராத்திரி கதவு தட்டுற சத்தம். ஒரு பிராமண இளைஞர் நிக்கிறார். மனைவிக்குப் பிரசவம் சிக்கலாயிடுச்சு, வந்து பாருங்க அம்மா. "நான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர், அவரைக் கூப்பிடறேன்" என்கிறார் ஐடா. "ஆம்பளை டாக்டர் என் மனைவியைப் பார்க்கிறதா? முடியாது" என்று அவர் போயிடுறார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம். அதே பிரச்சினை, அதே பதில். மூணாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்துக்காரர். அவரும் அதையே சொல்லிட்டுப் போறார்.

காலையில் விசாரிச்சா, மூணு பெண்களும் இறந்துபோயிருந்தாங்க.

இதை ஏதோ பழைய காலத்து மூடநம்பிக்கைக் கதையாகக் கேட்கிறது சுலபம். ஆனால் வந்த மூணு பேரும் மனைவி மேல அக்கறை இல்லாதவங்க கிடையாது. நடுராத்திரியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுற அளவுக்கு அக்கறை இருந்திருக்கு. டாக்டரும் அங்கேயே இருந்தார், மருந்தும் இருந்தது. அந்தப் பெண்கள் ஏத்துக்கக்கூடிய ஒரு ஆள்தான் இல்லை. எங்க அம்மாயியோட அக்காவுக்கு நடுவில் இருந்தது நாலைந்து மைல் காடு. இந்த மூணு பேருக்கும் நடுவில் இருந்தது ஒரு வாசப்படி. தூரம்கிறது எப்பவும் கிலோமீட்டர் கணக்கு மட்டும் இல்லை போல.

ஐடா அமெரிக்கா திரும்பினாங்க, மருத்துவம் படிக்க. முதலில் ஃபிலடெல்ஃபியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரி. பிறகு கார்னெல் பல்கலைக்கழகம் தன் மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்க ஆரம்பிச்சதும் அங்கே மாறி, 1899இல் பட்டம் வாங்கினாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி நியூயார்க்கில் ஷெல் என்கிற வங்கியாளர், இறந்துபோன மனைவி நினைவாக ஒரு ஆஸ்பத்திரி கட்ட 10,000 டாலர் கொடுத்தார்.

ஒரு கட்டில்

1900ஆம் வருஷம் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தாங்க. அப்பாகிட்ட பக்கத்தில் இருந்து தொழில் கத்துக்கலாம்னு நெனச்சாங்க. அதே வருஷம் அப்பா இறந்துட்டார். அனுபவமே இல்லாத 29 வயசு டாக்டர், தனியா. ஆஸ்பத்திரி கட்டடம் இன்னும் வரலை. வீட்டிலேயே ஒரு அறையில் ஒரு கட்டில் போட்டு ஆரம்பிச்சாங்க. ஒரே ஒரு கட்டில்.

எனக்கும் 29தான் ஆகப்போகுது. என் முதல் வேலையில் புரொடக்‌ஷன் சர்வரில் தப்பா ஒரு கமாண்ட் அடிச்சுட்டு, சீனியர் வர்ற வரைக்கும் கை நடுங்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அதுக்கே அப்படி. இங்கே சீனியரே கிடையாது, திரையில் இருப்பது லாக் ஃபைல் கிடையாது, உயிர்.

முதல் ரெண்டு வருஷத்தில் சுமார் 5,000 நோயாளிகளைப் பார்த்தாங்க. 1902இல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது, 40 கட்டில். இதுவரைக்கும் இது ஒரு நல்ல டாக்டரோட கதை. இந்த மாதிரி மனுஷங்க நம்ம ஊர்ப் பக்கமெல்லாம் இருந்திருக்காங்க. அவங்க காலத்துக்குப் பிறகு பேர் ஒரு தெருவில் இருக்கும், ஆஸ்பத்திரி பூட்டிக் கிடக்கும். எங்க தொழிலில் இதுக்கு ஒரு பேர் உண்டு, சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர். மொத்த சிஸ்டமும் ஒரே ஒரு இடத்தில் தொங்கிட்டிருக்கும். அந்த இடம் போனா எல்லாம் போச்சு.

ஐடா இதை ரொம்பச் சீக்கிரம் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு நினைக்கிறேன். ஆஸ்பத்திரி திறந்த அடுத்த வருஷமே, 1903இல் கம்பவுண்டர் பயிற்சி. 1909இல் நர்ஸிங் பள்ளி. மாட்டு வண்டியில் குடியாத்தம் பக்கம் போக ஆரம்பிச்சு, 1909இல் ஒரு சின்ன பூஜோ கார் கிடைச்சதும் வாராவாரம் ரோட்டோர மரத்தடியில் நிறுத்தி வைத்தியம். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவங்ககிட்ட ஆஸ்பத்திரி போச்சு.

ஆனாலும் கணக்கு உதைச்சுது. ஒரு டாக்டர் ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? அவங்க ஒரு ஆள். வெளியே மாவட்டம் முழுக்கப் பெண்கள். அப்போதான் அந்த முடிவு: பெண்களை டாக்டராக்குறது.

பதினாலு பேர்

1918 ஆகஸ்ட்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஆரம்பம். எம்.பி.பி.எஸ். கிடையாது. எல்.எம்.பி. என்று அப்போ ஒரு டிப்ளமோ இருந்தது. அதிகாரிகளுக்கே பெரிய நம்பிக்கை இல்லை, இந்தியப் பெண்கள் யார் வந்து உடற்கூறியல் படிக்கப் போறாங்கன்னு. விண்ணப்பங்கள் நூறைத் தாண்டி வந்தது.

நாலு வருஷம் கழிச்சு மாகாணத் தேர்வு. ஆண்கள் படிக்கிற பள்ளிகளில் பெரும்பாலானவங்க தோத்துப் போற தேர்வு அது. வேலூரிலிருந்து போன பதினாலு பெண்களும் பாஸ்.

யோசிச்சுப் பாருங்க. 1922. கதவைத் தட்டினவங்க கூப்பிட நினைச்ச அந்த ஆள், முப்பது வருஷத்தில் ஒண்ணுக்குப் பதினாலாயிடுச்சு. "டீச்சிங் ஹாஸ்பிடல்" என்கிற வார்த்தையை நான் போர்டில் பார்க்கிற ஒரு வார்த்தையாகத்தான் எடுத்துக்கிட்டிருந்தேன். அதோட உண்மையான அர்த்தம் இதுதான். வைத்தியம் பார்க்கிற இடமே வைத்தியரை உருவாக்குற இடமாகவும் இருக்கணும். கட்டில் பக்கத்தில் சீனியர் நிப்பார், அவர் தோளுக்குப் பின்னாடி ஜூனியர் நிப்பார். இன்னைக்குக் கத்துக்கிறவர் பத்து வருஷத்தில் கத்துக்கொடுப்பார். கட்டடத்தைப் பெரிசாக்கினா அது ஒரு அளவில் நின்னுடும். இது நிக்காது.

1920களில் தோட்டப்பாளையத்தில் பெரிய ஆஸ்பத்திரி வந்தது. 1928இல் பாகாயத்தில் 200 ஏக்கரில் கல்லூரி வளாகத்துக்கு வேலை ஆரம்பிச்சாங்க. அதே வருஷம் காந்தி வந்து பார்த்துட்டுப் போனார்.

மூடப் போன வருஷம்

இங்கே ஒரு திருப்பம். 1938இல் சென்னை மாகாண அரசு சொல்லுது: இனிமேல் எல்.எம்.பி. டிப்ளமோ கிடையாது, எம்.பி.பி.எஸ். மட்டும்தான். அரசு சொன்னதில் நியாயம் உண்டு, டாக்டர்னா ஒரே தரம் இருக்கணும். ஆனால் வேலூருக்கு அது மரண அடி. பல்கலைக்கழக அங்கீகாரம் வேணும்னா உயர்படிப்பு படிச்ச பேராசிரியர்கள் வேணும், லேப் வேணும், கட்டில் எண்ணிக்கை கூடணும், இதுக்கெல்லாம் பணம் வேணும். அடுத்த வருஷம் உலகப் போர் வேற ஆரம்பிச்சுடுச்சு.

ஐடாவுக்கு அப்போ எழுபதை ஒட்டின வயசு. அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்ப் பேசி நிதி திரட்டினாங்க. அங்கே ஒரு சண்டை வந்தது. ஆண்களையும் சேர்த்தா பல மிஷன்கள் ஒண்ணாகச் சேர்ந்து பணமும் ஆளும் தரும். ஆனால் இத்தனை வருஷம் காசு அனுப்பின பெண்களில் சிலர், குறிப்பாக லூசி பீபாடி என்கிற பழைய தோழி, "இது பெண்களுக்காகக் கட்டினது, இதை விட்டுக்கொடுக்கக் கூடாது" என்று உறுதியாக நின்னாங்க. யார் பக்கம் நியாயம்? எனக்கு இன்னும் உறுதியாகச் சொல்லத் தெரியலை. மூடுறதா, மாறுறதா என்கிற கேள்வியில் ஐடா மாறுறதைத் தேர்ந்தெடுத்தாங்க. பழைய தோழமை அதில் உடைஞ்சுது.

1942இல் எம்.பி.பி.எஸ். ஆரம்பம். 1947இல் ஆண்களும் சேர்ந்தாங்க. பிறகு ஹில்டா லாசரஸ் முதல் இந்திய இயக்குநராக வந்தாங்க, இந்தியப் பெண் மருத்துவர்களில் மூத்த தலைமுறை அவங்க. 1960 மே மாதம் கொடைக்கானலில் ஐடா இறந்தப்போ வயசு 89. ஆஸ்பத்திரிக்கு ஒண்ணும் ஆகலை. சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர் எப்பவோ போயிடுச்சு.

விரல்களும் சக்கர நாற்காலியும்

அந்தக் காலகட்டத்தில் அங்கே நடந்ததில் ரெண்டை மட்டும் சொல்றேன்.

ஒண்ணு, பால் பிராண்ட். தொழுநோய் வந்தா விரல் அழுகி விழும்னு எல்லாரும் நம்பினாங்க. அவர் உத்துப் பார்த்து வேற ஒண்ணைச் சொன்னார்: நோய் விரலைத் தின்னலை, நரம்பு செத்து வலி தெரியாமல் போகுது. வலி தெரியாததால் சுடு பாத்திரத்தைப் பிடிக்கிறாங்க, ஆணியை மிதிக்கிறாங்க, அந்தப் புண்தான் விரலைக் கொண்டு போகுது. 1948 வாக்கில், மடங்கிப் போன கைகளில் நல்ல தசைநாணை எடுத்து இடம் மாத்திப் பொருத்தி, கையைத் திரும்ப வேலை செய்ய வெச்சார். எந்த டாக்டரும் தொடக்கூடத் தயங்கின நோயாளிகளுக்கு, உலகத்திலேயே முதல்முறையாக இந்த ஆபரேஷன் நடந்தது வேலூரில்.

ரெண்டாவது, மேரி வர்கீஸ். அங்கேயே படிச்ச டாக்டர். 1954இல் ஒரு கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போச்சு. வாழ்க்கை முடிஞ்சுதுன்னு படுத்திருந்தப்போ பிராண்ட் ஒரு விஷயம் சொன்னார். கை ஆபரேஷன் உட்கார்ந்துதானே பண்றோம், உன்னால் ஏன் முடியாது? சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளை ஆபரேஷன் பண்ணாங்க. பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படிச்சு வந்து, 1966இல் திறந்த மறுவாழ்வு நிலையத்தைக் கட்டி எழுப்பினாங்க. தண்டுவடம் அடிபட்டவங்க அங்கே தங்கி, மறுபடி வாழக் கத்துக்கிட்டு வீட்டுக்குப் போனாங்க.

1949இல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை ஆரம்பிச்சார். 1971இல் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று சிகிச்சை இங்கேதான். 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரிச்ச ரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று உறுதியானது வேலூர் லேபில்தான்.

அந்தப் பட்டியலில் நரம்பியல் அறுவைத் துறையைப் படிச்சப்போ மட்டும் கொஞ்சம் நின்னேன். அம்மாயிக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டு டாக்டர் சொன்னாங்க: மூளைக்குள்ள இருக்கிற நீர் சரியா வடியாம தேங்குது. அதனாலதான் நடையும் மறதியும். ஒரு சின்னக் குழாய் வெச்சு அந்த நீரை வயித்துப் பக்கம் திருப்பிவிடலாம். எல்லாருக்கும் பலன் கிடைக்கும்னு உறுதி தர முடியாது, யோசிச்சுச் சொல்லுங்க. அந்த டாக்டருக்கு என் வயசுதான் இருக்கும். பக்கத்தில் ஒரு சீனியர் நின்னு கேட்டுக்கிட்டே இருந்தார். ஒரு இடத்தில் மட்டும் குறுக்கிட்டு, "பாட்டிகிட்டயே நேரா சொல்லுங்க, பேரன்கிட்ட இல்ல" என்றார். அவர் அம்மாயி பக்கம் திரும்பி முதலில் இருந்து மறுபடி சொன்னார். பாடம் அங்கேயே, என் கண் முன்னாடி நடந்தது.

காசு எங்கிருந்து வருது?

இப்போ நீங்க கேட்கப் போற கேள்வி. லாப நோக்கம் இல்லைன்னா இலவசமா? இல்லை. பில் உண்டு, நாங்களும் கட்டினோம். இதில் ரொம்பப் பேருக்குக் குழப்பம். லாப நோக்கமற்ற நிறுவனம்னா மிச்சம் வர்ற பணத்தை எடுத்துக்கப் பங்குதாரர்னு யாரும் கிடையாது. அது திரும்ப ஆஸ்பத்திரிக்குள்ளேயே போகணும். கட்ட முடிஞ்சவங்க கட்டுறதில் ஒரு பகுதி, முடியாதவங்களுக்குப் போகுது. டாக்டர்கள் முழுநேர ஊழியர்கள், வெளியே தனி கிளினிக் கிடையாது. எம்.பி.பி.எஸ். ஒரு வருஷக் கல்விக் கட்டணம் 3,000 ரூபாய்னு நீண்ட காலமாக இருந்தது. நான் இன்ஜினியரிங் படிச்சப்போ எங்க காலேஜ் பஸ் ஃபீஸ் அதைவிடப் பல மடங்கு. பதிலுக்கு, படிச்சு முடிச்சதும் ரெண்டு வருஷம் சின்ன ஊர்களில் இருக்கிற மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கணும்.

பெரிய ஆஸ்பத்திரியின் செலவு ஏழைக்குத் தாங்காது என்கிறது அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. அதனால்தான் 1977இல் கே.வி.குப்பத்தில் கிராம சுகாதாரத் திட்டம், 1982இல் வேலூர் நகரத்து ஏழைகளுக்குக் குறைந்த செலவில் வைத்தியம் பார்க்கத் தனிப் பிரிவு. மரத்தடியில் நிறுத்தின பூஜோ காரோட வாரிசுகள் அவை.

சிக்கலும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். நீட் வந்தப்போ, மாணவர்களை எங்க முறையில், பல நாள் நேரில் வெச்சுப் பார்த்துத்தான் எடுப்போம்னு இவங்க நீதிமன்றம் போனாங்க. 2013இல் உச்ச நீதிமன்றம் நீட்டையே ரத்து பண்ணுச்சே, அந்த வழக்கு இவங்க பேரில்தான் இருக்கு. 2016இல் அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. 2017இல், 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒரே ஒரு இடத்தை மட்டும் நிரப்பிட்டு மீதியைக் காலியா விட்டாங்க. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் கட்டாயம்னு சொல்லிடுச்சு.

என் கருத்தைக் கேட்டா, ரெண்டு பக்கமும் உறுத்துது. கோடிக்கணக்கில் வாங்கிட்டு சீட் விக்கிற கல்லூரிகளைத் தடுக்க ஒரு பொது வடிகட்டி வேணும். அதே சமயம், குக்கிராமத்தில் ரெண்டு வருஷம் இருக்கத் துணிவு இருக்கா என்கிறதை எந்த ஓ.எம்.ஆர். தாளில் கண்டுபிடிப்பீங்க? 99 இடம் காலியா போன அந்த வருஷம், வந்திருக்க வேண்டிய 99 டாக்டர்கள் வரலை என்கிறதும் உண்மை.

2022இல் 1,500 கட்டில்களோட புது வளாகம் திறந்தாங்க. இடம் ராணிப்பேட்டை. ஐடா பிறந்த ஊர். ஒரு கட்டிலில் ஆரம்பிச்ச கணக்கு அது.

அம்மாயி கேட்ட கேள்வி

ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வாரத்தில் அம்மாயி காலைத் தூக்கி வெச்சு நடந்தாங்க. முன்ன மாதிரி முழுசா இல்லை, கைத்தடி இருக்கு. ஆனால் இன்னைக்குக் காலையில் சேர்வராயன் கோயில் படி வரைக்கும் போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வந்தாங்க.

வேலூரில் லாட்ஜ் ரூமில் உட்கார்ந்து இந்த மூணு தட்டல் கதையை அவங்களுக்குச் சொன்னேன். கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "ஏஞ்சாமி, அந்தம்மா நம்ம மலைக்கு வந்திருந்தா எங்கக்கா இருந்திருப்பாளா?"

எனக்குப் பதில் வரலை. அந்தம்மா ஒருத்தர்தானே, எத்தனை மலைக்கு வர முடியும்? அது ஐடாவுக்கே தெரிஞ்சதால்தான் பதினாலு பேரைப் படிக்க வெச்சாங்க. கேள்வி வேற: படிச்சவங்க எந்த மலைக்குப் போனாங்க?

சிலர் போனாங்க. இந்த மலையிலிருந்து வடகிழக்கே, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் சிட்லிங்கின்னு ஒரு பள்ளத்தாக்கு. 1993இல் ரெஜி, லலிதான்னு ஒரு டாக்டர் தம்பதி அங்கே போய்க் குடிசையில் ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாங்க. ஆலப்புழையில் படிச்சவங்க, அதுக்கு முன்னாடி காந்திகிராமத்தில் வேலை பார்த்தவங்க. அங்கேயும் முதலில் பண்ணது ஐடா பண்ணதுதான்: மலைவாழ் பெண்களையே எடுத்து, பிரசவம் பார்க்கவும் குழந்தை எடை பார்க்கவும் பயிற்சி கொடுத்தாங்க. ஒரு வயசுக்குள்ள இறந்துபோற குழந்தைகளோட எண்ணிக்கை அந்தப் பள்ளத்தாக்கில் பெருமளவு குறைஞ்சுது. வேலூருக்கும் சிட்லிங்கிக்கும் நிர்வாகத் தொடர்பு கிடையாது. ஆனாலும் கோடு ஒண்ணுதான்.

இந்த மலையிலும் இப்போ 108 வருது, ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு, அரசு ஆஸ்பத்திரி இருக்கு, கீழே சேலத்தில் மருத்துவக் கல்லூரியே இருக்கு. தூளி கட்டின தலைமுறை கிட்டத்தட்ட முடிஞ்சாச்சு. ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு குக்கிராமத்தில் வலி எடுத்தா, பக்கத்தில் கைப்பழக்கம் உள்ள ஒரு ஆள் இருக்காங்களா என்கிற கேள்வி அப்படியேதான் நிக்குது. கட்டடம் கட்டி அதைத் தீர்க்க முடியாது.

என் சித்தி பொண்ணு சேலத்தில் நர்ஸிங் கடைசி வருஷம். நேத்து ராத்திரி இங்கேதான் இருந்தா. வெளிநாட்டுக்கு ஜெர்மன் மொழி படிக்கிறா. அவளை நான் எதுவும் சொல்லலை. மலையை விட்டு பெங்களூர் போனவன் நான், எனக்கு என்ன வாய் இருக்கு? அம்மாயிதான் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வெச்சுக்கிட்டு அக்கா கதையைச் சொன்னாங்க. இந்தத் தடவை முழுசா. லாந்தர், மூங்கில், நடையைக் குறைச்ச ஆளுங்க, எல்லாம். கடைசியில் அக்கா பேரையும் சொன்னாங்க.

அவ எதுவும் பேசலை. காலையில் சேலம் பஸ் ஏறும்போது, "நாகலூர் பி.எச்.சி.ல நர்ஸ் போஸ்ட் எத்தனை இருக்கும்ண்ணா?" என்று மட்டும் கேட்டா. தெரியலைன்னேன். விசாரிச்சுச் சொல்றேன்னிருக்கேன்.

மழை கொஞ்சம் விட்டிருக்கு. அடுத்த வாரம் பெங்களூர் ரூமிலிருந்து, நல்ல ஆடியோவோட சந்திப்போம். உங்க வீட்டிலும் இப்படிப் பேர் சொல்லாமல் வெச்சிருக்கிற ஒரு அக்கா, ஒரு சித்தி இருக்கலாம். பெரியவங்க இருக்கும்போதே கேட்டு வையுங்க. வர்றேன் மக்களே.